ஒற்றை மணை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாணப் பந்தியில். ரசம் வந்துவிட்டது, மோர் இன்னும் வரவில்லை. பக்கத்து இலைக்காரர் கையை நக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க ஃபேக்டரியில ஒருத்தன் இருந்தான் சார். அக்கா பொண்ணு கல்யாணத்துல, முகூர்த்த நேரத்துல, மணையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான்."

"எந்த மணை?"

"எந்த மணைன்னா? பொண்ணு மாப்பிள்ளை குந்தித் தாலி கட்டுற மணைதான்."

"ஏன் தூக்கிக்கிட்டு ஓடினான்?"

"அத ஏன் கேக்கறீங்க" என்றார் அவர். அதற்குள் மோர் வந்தது. மோர் குடித்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்தில் போய்த் தேடினேன். ஆளைக் காணோம்.

எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். மீதி முழுக்க நான் கட்டியது. இதைக் கடைசியில் சொல்லி உங்களை ஏமாற்றுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. என் மனைவி சரசு, "அவன் பைத்தியமா இருப்பான், வுடுங்க" என்றாள். பைத்தியம் என்று வைத்துக்கொண்டால் இரண்டே வரியில் கதை முடிந்துவிடும், நானும் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மனிதன் என்னை விடவில்லை. கல்யாண வீட்டில் மணையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்க வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து இந்த 1964ஆம் வருஷத்தில் பாதி போய்விட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*பெருமாள்சாமி ஆஸ்டின் டவுனில் பெயர் பெற்ற தச்சன்.*

அடித்துவிட்டேன். (பெயரும் ஆஸ்டின் டவுனும் இருக்கட்டும். பெயர் நான் வைத்தது. ஆஸ்டின் டவுனில் நானே குடியிருப்பதால், அவனையும் இங்கேயே வைத்துக்கொண்டால் எனக்கு அலைச்சல் மிச்சம்.) தவறு ‘தச்சன்’ என்பதில் இருக்கிறது. தச்சன் என்றால் நாற்காலி, கதவு, ஜன்னல் என்று உங்கள் மனம் ஓடும். இவன் வேலை வேறு.

பிறகு இப்படி:

*1956ஆம் வருஷம் தை மாதம். பெங்களூரில் நல்ல குளிர்...*

தை மாதத்தில் பெங்களூரில் குளிர் இருந்தது என்று சொல்ல ஒரு எழுத்தாளன் வேண்டுமா? இதையும் விட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: *பெருமாள்சாமி தன் வாழ்நாளில் எந்தப் பொருளையும் ஒன்றுக்கு மேல் செய்ததில்லை.*

இது இருக்கட்டும். இதற்கு ஒரு விளக்கம் வேண்டும்.

அவன் இரும்பு வார்க்கும் ஃபேக்டரியில் பேட்டர்ன் மேக்கர். வார்க்க வேண்டிய பொருள் எதுவானாலும், பம்பின் மூடியோ, எஞ்சினின் வயிறோ, அதை முதலில் மரத்தில் செய்துகொள்வார்கள். அந்த மரச்சாமானை மணலில் அழுத்திப் பதித்து எடுத்தால் குழி விழும். குழியில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் ஒன்று செய்தால் போதும், இரும்பில் ஆயிரம் எடுத்துக்கொள்ளலாம். பதினாலு வயதிலிருந்து பெருமாள்சாமிக்கு இதுதான் பிழைப்பு. ஒன்று செய்வான், உயிரைக் கொடுத்துச் செய்வான், ஒப்படைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். அதே பொருளை இன்னொன்று செய் என்று அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

3

வீட்டிலும் அவனுக்கு ஒரு பட்டறை உண்டு. பின்கட்டில் குளியலறைச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து, மேலே தகரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஹண்டாவில் வெந்நீர் காயும்போது இந்தப் பக்கமும் கதகதப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை காப்பி குடித்த கையோடு அங்கே புகுந்துவிடுவான்.

அங்கே அவன் செய்ததெல்லாம் அக்கா வீட்டுக்கு. அக்கா சின்னத்தாயி அல்சூரில் இருந்தாள். புருஷன் போய் வெகு காலம். ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்து ஒரே பெண் பாஞ்சாலியை வளர்த்தாள். பெருமாள்சாமிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு இருந்த குடும்பம் இந்த இரண்டு பேர்தான்.

அக்காவுக்கு அஞ்சறைப் பெட்டி, தேங்காய் துருவிக்கு அடிப்பலகை, இடியாப்பம் பிழியும் உழக்கு. பாஞ்சாலிக்குப் பம்பரம், பிறகு சிலேட்டுக்குச் சட்டம், பிறகு அவள் தையல் கற்கப் போனபோது நூல்கண்டு மாட்ட ஒரு ஸ்டாண்டு. எல்லாவற்றின் பக்கங்களையும் கொஞ்சம் சரித்தே செய்வான். மணலிலிருந்து மரம் தடங்கல் இல்லாமல் உருவி வர வேண்டும் என்பதற்காக ஃபேக்டரியில் பழகிய பழக்கம். அக்காவின் சமையலறையில் மணல் எங்கே இருக்கிறது? ஆனாலும் கை கேட்காது. அந்த அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்கள் விரல் பட்டாலே வழுக்கிக்கொண்டு மேலே வரும். சின்னத்தாயி அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் வெந்தயக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஃபேக்டரியில் அவனுக்கு வாய் ஓயாது. அக்கா வீட்டில் மட்டும் ஏனோ பேச்சு வராது. கொண்டுபோன சாமானை வைத்துவிட்டு, போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்துவிடுவான்.

பாஞ்சாலியை அவனுக்குத்தான் கொடுப்பது என்பது ஊரறிந்த ஏற்பாடு. அக்கா பெண்ணைத் தாய்மாமன் கட்டுவது அவர்கள் வழக்கத்தில் முதல் உரிமை. போதாததற்கு, சின்னத்தாயியின் புருஷன் சாகும்போது பெண்டாட்டியிடம் கையடித்து வாக்கு வாங்கிக்கொண்டான். அப்போது பாஞ்சாலிக்கு மூன்று வயது.

4

அவளுக்குப் பதினெட்டும் அவனுக்கு முப்பதும் நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாஞ்சாலி தூக்குவாளியில் கறிக்குழம்போடு பட்டறைக்கு வந்தாள்.

"அம்மா குடுத்தனுப்பிச்சுது."

"அப்படி வெச்சிட்டுக் குந்து. தூளு இருக்குது, பாத்து."

அவள் உட்காரவில்லை. "மாமா, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"என்ன வேணும்? தையல் மெஷினுக்கு மூடியா? அளவு சொல்லு."

"சாமான் இல்ல மாமா."

இழைப்புளி நின்றது.

"அம்மா வர்ற தையில வெச்சிக்கலாம்னு சொல்லுது. நீ... வேணாம்னு சொல்லிடு மாமா."

அவன் இழைப்புளியைத் திருப்பி, அதன் வாயில் அடைத்திருந்த சுருளை விரலால் எடுத்தான். நிதானமாக எடுத்தான். "என்னைப் புடிக்கலியா?" என்றான்.

"ஐயோ, அப்படிச் சொல்லாத. உன்னப் புடிக்காம போவுமா? எனக்கு எங்கப்பா மூஞ்சி ஞாபகமே இல்ல. அப்பான்னு நெனச்சா உன் மூஞ்சிதான் வருது. என்னை இடுப்புல வெச்சிக்கினு ஏரி காட்டினது நீ. இஸ்கூல்ல சேத்தது நீ. அந்த மூஞ்சிகிட்ட போயி எப்படி மாமா நான்..."

அவள் தூக்குவாளியை அப்போதுதான் கீழே வைத்தாள்.

"அம்மாகிட்ட நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அது உசுரோட இருக்காது. அப்பாவுக்குக் குடுத்த வாக்கு, வாக்குன்னு தெனைக்கும் சொல்லுது. பொண்ணே காலை வாரிட்டான்னு நெனச்சா தாங்காது. நீ ஆம்பள. நீ சொன்னா ரெண்டு நாள் கத்தும், ஜல்தியா அடங்கிடும்."

"செரி" என்றான் பெருமாள்சாமி.

"நான் சொன்னேன்னு..."

"சொல்ல மாட்டேன். போ, வெயில் ஏறுது."

*அவள் போன பிறகு அவன் மனதில்*

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். முடிக்கத் தெரியாமல் இல்லை. இப்போது முடிக்க மனம் இல்லை.)

5

இதுவரை எழுதியதைச் சரசுவிடம் கொடுத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள்.

"இந்தப் பொண்ணு சரியில்ல" என்றாள்.

"ஏன்?"

"நோவாம தப்பிச்சிக்கினு அவனை மாட்டி வுட்டுட்டா. ரெண்டு நாள்ல அடங்கிடுமாம். அவ அம்மாவை அவளுக்குத் தெரியாதா?"

"அவளுக்குப் பதினெட்டு வயசு, சரசு. வேற யார்கிட்ட போய்க் கேப்பா? என்ன கேட்டாலும் செஞ்சு குடுக்கிற ஆள் அவளுக்கு ஒருத்தன்தானே இருந்தான்?"

சரசு ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "அவனுக்கு மனசுல என்ன இருந்துச்சு? அத எழுதலியே நீங்க" என்றாள்.

"அப்புறம் எழுதறேன்."

"அப்புறம்னா எப்போ?"

"அப்புறம்தான்."

அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் ஒரு கீரை இலை ஒட்டியிருந்தது. பாஞ்சாலியைக் கொஞ்சம் நல்லவளாகத் திருத்தி எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவள் அழுதுகொண்டே காலில் விழுவது மாதிரி ஒரு பத்தி எழுதிக்கூடப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துப் போட்டேன். அவள் கேட்டது கேட்டதுதான். பயந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

6

"எனக்கு இஷ்டம் இல்லக்கா" என்றான் பெருமாள்சாமி.

சின்னத்தாயி முதலில் சிரித்தாள். தம்பி விளையாடுகிறான் என்று நினைத்தாள். பிறகு, "ஏன்டா? எம் பொண்ணுக்கு என்னடா கொறச்சல்? கண்ணு நொள்ளையா, காலு நொண்டியா?" என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். "ஏதாச்சும் சொல்லுடா! பதினஞ்சு வருஷமா உன்ன நம்பி வேற எடமே பாக்காம வெச்சிருந்தேனே. செத்துப்போன மனுஷனுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

மறு வாரம் பெருமாள்சாமியின் வீட்டு வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. அவன் கொடுத்த சாமானெல்லாம் அதில் இருந்தன. துருவிப் பலகை, உழக்கு, சிலேட்டுச் சட்டம், பம்பரம்கூட. அஞ்சறைப் பெட்டியைத் துடைத்துக்கூட அனுப்பவில்லை, கிண்ணத்தின் அடியில் சீரகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பட்டறைக்குள் வைத்தான். வைத்துவிட்டு அழுதான். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அழுதான் என்றே எழுதிவிடுகிறேன்.

பங்களாவில், கடைத்தெருவில், அல்சூர் கோயிலில், பார்த்தவர்களிடமெல்லாம் சின்னத்தாயி சொன்னாள்: "எனக்குத் தம்பி இல்ல." ரெண்டு நாளில் அடங்கும் என்றாள் பெண். ரெண்டு வருஷம் ஆகியும் அடங்கவில்லை.

7

பிறகு பாஞ்சாலிக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வெங்கடசாமி, பிளாக்பள்ளியில் ஒரு அச்சகத்தில் வேலை, நல்ல பையன். (அவனைப் பற்றி இதற்கு மேல் எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் அவன் பாடு நிம்மதி.)

பெருமாள்சாமிக்கு அழைப்பு இல்லை. ஃபேக்டரியில் மோல்டிங் வேலை செய்யும் முனியப்பன்தான் சேதி சொன்னான். அவன் வீடும் அல்சூரில்தான்.

கல்யாணம் என்றால் தாய்மாமன் சீர் உண்டு. பெண்ணைக் கைபிடித்து மணைக்கு அழைத்துவருவதும் தாய்மாமன்தான். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அது இன்னும் முக்கியம். தம்பி இல்லை என்று சொல்லித் திரிகிறவள், அந்த இடத்தில் யாரை நிறுத்துவாள்? பெருமாள்சாமிக்கு இந்த யோசனை வந்த பிறகு வேலை ஓடவில்லை. அக்கா தன்னைத் திரும்ப வீட்டுக்குள் விட வேண்டும், ஒரே ஒரு காலைப்பொழுது தாய்மாமனாக நிற்க விட வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பேசிக் கேட்கத் தெரியாதவன் வழக்கம்போல மரத்திடம் போனான்.

பட்டறையில் நல்ல பலாப் பலகை இருந்தது, மஞ்சள் பூத்த பழைய மரம். அதில் பெண்ணுக்கு ஒரு மணை செய்தான். பதினெட்டு அங்குல நீளம், அடியில் இரண்டு குறுக்குக் கட்டை, ஓரங்களில் பட்டுப்புடவையின் நூல் மாட்டாதபடி அத்தனை வழுவழுப்பு. உட்கார்ந்து எழுந்தால் புடவைக்குத் தெரியக் கூடாது என்று தேய்த்தான். அதை ஒரு துண்டில் சுற்றி முனியப்பனிடம் கொடுத்தனுப்பினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முனியப்பன் திரும்பி வந்தான். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

"அக்கா என்னடா சொல்லுச்சு?"

"மொதல்ல தண்ணி குடு." குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். "ஏன்டா, ஒத்த மணையாடா அனுப்புவ?"

பெருமாள்சாமிக்குப் புரியவில்லை.

"‘கட்டிக்கவும் மாட்டான், அவ ஜோடியா குந்துறதப் பாக்கவும் மாட்டானா? எம் பொண்ணு ஒண்டியா நிக்கணும்னு ஒத்த மணை அனுப்பியிருக்கானே பாவி’ன்னு வாசல்ல நின்னு கத்துது. தெருவே வேடிக்கை பாக்குது. எனக்கு மானம் போச்சு."

"நான் எப்பவும் ஒண்ணுதானேடா செய்வேன்."

"அது பேட்டர்ன்டா பேமானி! இது கல்யாணம்."

பெருமாள்சாமி அப்படியே மதில்மேல் சாய்ந்துகொண்டான். மாப்பிள்ளையின் மணை அவனுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அவன் நினைத்ததெல்லாம் அவள் உட்காரப்போவதைப் பற்றித்தான்.

"பலகையைத் திருப்பிக் குடுத்துச்சா?" என்று கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்.

"இல்ல. அக்கா அத வாசல்ல வீசிச்சு. அந்தப் பொண்ணு வந்து எடுத்து, முந்தானையால தொடச்சி, உள்ளாற கொண்டுபோயிடுச்சு."

8

சனிக்கிழமை அரை நாள் டூட்டி. முடிந்ததும் ஓடிவந்தான். காக்கிக் கால்சட்டையைக்கூட மாற்றாமல் பட்டறையில் உட்கார்ந்தான். அதே பலாப் பலகையில் மிச்சம் இருந்தது. ஜோடியைப் பார்த்துச் செய்ய முதல் மணை கையில் இல்லை. அதனாலென்ன, அளவு மனப்பாடம். கால்சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான், பதினெட்டு அங்குலம் குறித்தான், அறுத்தான்.

(இங்கே ஒரு குறிப்பு. பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தால் மன்னிக்கவும், இது இல்லாமல் மேலே போக முடியாது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடுவது தொல்லை என்று, அங்குலமே சற்று நீண்ட ஸ்கேல் ஒன்று பேட்டர்ன் மேக்கர்கள் வைத்திருப்பார்கள். பார்வைக்குச் சாதா ஸ்கேல்தான், எண்களும் அதே எண்கள். ஆனால் அது பதினெட்டு என்று காட்டுகிற இடத்தில் உள்ளபடிக்குப் பதினெட்டும் ஒரு அரிசி நீளமும் இருக்கும். முதல் மணையை அவன் வீட்டு ஸ்கேலால் அளந்து செய்தான். இரண்டாவதை எந்த ஸ்கேலால் அளந்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் தெரியாது.)

வேறு எந்த நாளாக இருந்தாலும் தொட்டதுமே கண்டுபிடித்திருப்பான். அன்றைக்கு அவன் காதில் அக்காவின் ஏச்சு ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு சுருங்குவதற்காக விட்ட இடம் அப்படியே பலா மரத்தில் நின்றுவிட்டது.

9

ஞாயிறு காலை. சின்னத்தாயியின் வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல். பெருமாள்சாமி மணையை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். தோள்பையில் ஸ்கேலும் ஒரு சின்ன இழைப்புளியும் இருந்தன. கல்யாணத்துக்கு இழைப்புளி எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசி நேரத்தில் எங்காவது சிலும்பு இருந்து பட்டில் மாட்டிவிட்டால்?

தாலி ஏறும்வரை விதவைத் தாய் முன்னால் வரக் கூடாது என்று சின்னத்தாயியை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். சொந்தப் பெண்ணின் கல்யாணம். அதனால் பெருமாள்சாமியை வாசலில் மறிக்க ஆள் இல்லை. பந்தலில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மணவறையில் முதல் மணை ஏற்கெனவே போட்டிருந்தது. வாசலில் வீசப்பட்ட அதே மணை. பக்கத்தில் ஒரு பழைய மணையை ஜோடி சேர்த்திருந்தார்கள். அவன் பழையதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டான்.

போட்டதும் அவனுக்கு என்னவோ போலிருந்தது. ஸ்கேலை எடுத்து அளந்தான். புது மணை பதினெட்டு, சரி. முதல் மணை பதினெட்டுக்குக் குறைகிறது. அவனுடைய கையிலிருந்து குறைந்த சாமான் போனதா? அதுவும் இவளுக்கா? அதற்கப்புறம்தான் ஸ்கேலின் மூலையில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தான், ஃபேக்டரி ஸ்கேல். காது மடல் சிவந்துபோயிற்று.

ஒரு அரிசி நீளம். புரோகிதருக்குத் தெரியாது, வெங்கடசாமிக்குத் தெரியாது, உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஆனால் ஒற்றை மணை அனுப்பினான் பாவி என்று ஏற்கெனவே பேச்சு. இப்போது ஏற்றத்தாழ்வாக ஜோடி போட்டான் என்று ஒரே ஒரு கண்ணில் பட்டுவிட்டால், வேண்டுமென்றே செய்தான் என்றுதான் சொல்வார்கள். அதைவிட, அவனுக்குத் தெரியுமே. தெரிந்துகொண்டு அவளை எப்படி அந்த ஜோடியில் உட்கார வைப்பான்?

பெரிய மணையைத் தூக்கினான். பந்தலைவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினான்.

"பெருமாளு மணையைத் தூக்கிட்டு ஓடறான்!" என்று ஒரு பெண்பிள்ளை கூவினாள்.

பந்தியில் எனக்குக் கிடைத்த வரிக்கு ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

10

சின்னத்தாயி பின்கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தாள். கையில் அகப்பை இருந்தது.

"குடுத்ததையும் புடுங்கிக்கினு போறியாடா? நீ நல்லா..."

நிறுத்திக்கொண்டாள். தம்பி துவைக்கிற கல்லின்மேல் மணையை நிறுத்தி இழைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் நிற மரத்தூள் அவன் வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டிக் கிடந்தது.

"என்னடா பண்ற?"

"ஒரு அரிசி பெருசா பூட்டுதுக்கா." தலையைத் தூக்காமல் சொன்னான். "தோ, ஆயிடுச்சு. பாப்பா குந்தறப்போ ரெண்டும் ஒண்ணா இருக்கணும். செரி பண்ணிக் குடுத்துட்டு நான் போயிடறேன்."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷமாக அவனை அவள் இத்தனை கிட்டத்தில் பார்க்கவில்லை. காதோரம் நரைத்திருந்தது. இழைக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்ளும் சின்ன வயசுப் பழக்கம் இன்னும் போகவில்லை. சின்னத்தாயி அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அவன் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள்.

"அவ மேல இவ்ளோ பாசம் வெச்சிருக்கிறவன், அப்ப ஏன்டா வேணாம்ன?" என்றாள். இந்தத் தடவை கத்தவில்லை. "நான் சாவுறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்டா. எம் பொண்ணுகிட்ட என்ன கொற கண்ட?"

இழைப்புளி நின்றது. அவள் முதுகுக்குப் பின்னால், சமையலறை வாசற்படியில், கூறைப்புடவையோடு பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்தவள். அம்மா கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. அவளைப் பெருமாள்சாமி பார்த்துவிட்டான்.

இந்த இடத்தில், சரசு கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நான்காம் பகுதியில் முடிக்காமல் விட்ட வாக்கியம். பெருமாள்சாமிக்கு இஷ்டம் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள அவன் ஆசைப்பட்டான். யாரிடமும் சொல்லாமல், தன்னிடமே பாதிதான் சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் ஆசைப்பட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தூக்குவாளியோடு வந்தபோது அவன் இழைத்துக்கொண்டிருந்தது கட்டிலின் கால். தை மாதத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று, பலா மரம் பார்த்து வாங்கிப்போட்டிருந்தான். அந்த மரத்தில்தான் இந்த மணைகள் ஆயின. உங்களிடம் இத்தனை நேரம் மறைத்ததற்குக் காரணம், அவன் மறைத்ததுதான். அவனே சொல்லாததை நான் எப்படி முந்திக்கொண்டு சொல்வேன்?

11

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதலாவதில் அவன் பொய் சொல்கிறான். "அப்போ எனக்கு வேற ஒருத்தி மேல நெனப்புக்கா. அது கூடி வரல." சின்னத்தாயி திட்டுகிறாள், அழுகிறாள், அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உள்ளே இழுத்துப்போகிறாள். தாய்மாமனாக நிற்கிறான். எல்லோருக்கும் நல்லது. ஆனால் பாஞ்சாலி, தனக்காகச் சொன்ன இரண்டாவது பொய்யையும் கேட்டுவிட்டு, மணையில் உட்கார்ந்து தலையைக் குனிய வேண்டும். எழுதி முடித்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இரண்டாவதில் அவன் உண்மையைச் சொல்கிறான். "நானா வேணாம்னு சொல்லலக்கா, அவதான்..." இதை நான் முடிக்கவே இல்லை. பேனா ஓடவில்லை. இரண்டு வருஷம் வாயைக் கட்டியவன், அவள் கூறைப்புடவை கட்டி நிற்கிற நேரத்தில் காட்டிக்கொடுப்பானா? அவன் அப்படிச் செய்கிற ஆள் என்றால் இவ்வளவு தூரம் அவன் பின்னால் நான் வந்திருக்கவே மாட்டேன்.

மூன்றாவது, சரசு சொன்னது. "அவளே சொல்லட்டும். அவன் சுமந்தது போதும்." எனக்கும் அதுதான் ஆசை. உட்கார்ந்து எழுதினேன்: *பாஞ்சாலி படியிறங்கி வந்தாள். "அம்மா, மாமா மேல தப்பில்ல" என்றாள்.* அடுத்த வரியில் பெருமாள்சாமி, சொல்லாதே என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினான். நான் ஆட்டச் சொல்லவில்லை, அவனாக ஆட்டினான். இவள் சொல்லிவிட்டால் இன்றைக்குத் தாலி ஏறும் நேரத்தில் அக்கா உடைந்துபோவாள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் இவள் உள்ளுக்குள் உடைவாள் என்று எனக்குத் தெரியும். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு மாதமாக அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"பொண்ணை அழைச்சிட்டு வாங்க, நேரமாவுது" என்று பந்தலிலிருந்து கூப்பிடுகிறார்கள். பெண்ணை அழைத்துப்போக வேண்டிய தாய்மாமன் துவைக்கிற கல்லருகே குந்தியிருக்கிறான். சின்னத்தாயி பதிலுக்காக அவன் முகத்தையே பார்க்கிறாள். அவன் வாயைத் திறந்துவிட்டான். அதே நொடியில் படியில் நிற்கிற பாஞ்சாலியும் வாயைத் திறந்துவிட்டாள்.

யாரை முதலில் பேச விடலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். மற்றவர் வாயை நான் பொத்திவிடுகிறேன்.